பாலக்காடு சுற்றி வா

வைதேஹி என்ன வேலை பார்க்கிறாள் என்று ஸ்ரீரங்கத்தில் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. "லாரி கம்பெனியில ஏதோ கணக்கு எழுதறா" என்று அவள் அப்பா சேஷு ஐயங்காரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கணக்கெல்லாம் எழுதவில்லை. கைலாசபுரம் பக்கத்து ஆலைகளில் செய்கிற ராட்சத இரும்புச் சாமான்களை, ஒரு வீட்டையே படுக்க வைத்தாற்போல இருக்கும் ஒவ்வொன்றும், நூறு சக்கர டிரெய்லரில் ஏற்றி நாட்டின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோக எந்த ரோடு சரிப்படும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. எந்தப் பாலம் தாங்கும், எந்த வளைவில் வண்டியின் வால் இடிக்கும், எந்த ஊரில் கரண்ட் கம்பி தாழத் தொங்குகிறது என்று கேட்டால் தூக்கத்தில் கூடச் சொல்வாள்.

வடக்கே, கிழக்கே போகிற லோடு என்றால் பெரிய தொந்தரவில்லை. மேற்கே என்றால்தான் உயிர் போகும். குஜராத் எல்லையில் தொடங்கிக் கன்னியாகுமரி வரைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே படுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக்கு மழை, இந்தப் பக்கத்துக்கு வெயில் என்று பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறது. பாலக்காட்டில் மட்டும் போனால் போகிறதென்று கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. ரயில், லாரி, ஆடிக்காற்று எல்லாம் அந்த ஒரு சந்துக்குள் நுழைந்துதான் இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். கொச்சிக்கு லோடு என்றால் வைதேஹி யோசிக்கவே மாட்டாள். "பாலக்காடு சுற்றி" என்று எழுதிவிடுவாள். கொச்சிக்காரர்கள் போன் போட்டு, தேனி வழியாக வந்தால் எவ்வளவு மிச்சம் தெரியுமா என்று கத்துவார்கள். "மலை ஒத்துக்காது சார்" என்று சொல்லி போனை வைத்துவிடுவாள்.

இத்தனை தெரிந்த பெண்மணி, தம்பி விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு தப்பைச் செய்தாள்.

தம்பி கோவர்தன் கோட்டயத்தில் ஒரு கல்லூரியில் வாத்தியார். ஆடிப் பெருக்குக்கு முதல் நாள் சாயங்காலம், அப்பாவைப் பார்த்த டாக்டர் அவளைத் தனியாக அழைத்து, "பார்க்க வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க" என்றார். பார்க்க வேண்டியவன் ஒருத்தன்தான். அம்மா போய் வருஷங்களாகிவிட்டன. வைதேஹி புருஷனை விட்டு வந்து அப்பாவோடு தங்கியதும் பழைய கதை. தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாள்.  அவன், "விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடறேன் அக்கா. குமுளி ஏறி தேனி வழியா வரட்டுமா, பாலக்காடு சுத்தி வரட்டுமா? இங்க மழை கொட்டறது" என்று கேட்டான்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அம்மா மண்டபம் சாலையில் ஒரு பொட்டு ஈரமில்லை. புழுதி பறந்தது. அவள் மனசில் ஓடியது அவள் தொழில். மலை ரோடு அவளுக்கு ஆகாமல் போனது நூறு சக்கரத்துக்காக, வளைய முடியாத நீளத்துக்காக. அவளுடைய லோடுகள் மழையில் நகர்ந்ததே கிடையாது. ஆகவே மழை அவள் கணக்கில் ஒரு நாளும் வந்ததில்லை. ஒரு காருக்கு எந்த வளைவு இடிக்கப்போகிறது?

"கார்தானேடா. கார் எங்க வேணும்னாலும் போகும். குமுளி ஏறி இறங்கு, மத்தியானத்துக்குள்ள வந்துடலாம். அப்பா உன் பேரைத்தான் சொல்லிண்டிருக்கார்" என்றாள்.

மறுநாள் காலையில் பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளினார். ஆடிப் பெருக்குக்குக் காவிரிக்கரைக்குப் போய்விட்டு, சாயங்காலம் அதே சாலை வழியாகத்தான் திரும்புவார். தெரு முழுக்கக் கோலம். பெண்கள் மஞ்சள் கயிறும் காதோலையும் சித்திரான்னத் தூக்குமாக ஆற்றைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து மழைதான் மேட்டூரை நிரப்பி இங்கே நுரைத்துக்கொண்டு வருகிறது என்பதை யாராவது நினைத்தார்களோ என்னவோ, வைதேஹி நினைக்கவில்லை. பல்லக்கு வாசலுக்கு வந்தபோது அவளும் எதிர் வீட்டு கமலினி மாமியுமாக அப்பாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அவர் கைகூப்ப முயன்றார். ஒரு கைதான் எழுந்தது.

"கோவு வந்துட்டானா?" என்று கேட்டார்.

"வந்துண்டே இருக்கான் அப்பா."

அப்புறம்தான் போன் வந்தது. கம்பெனி முதலாளி ஜெகபர் அலி.

"அப்பா எப்படி இருக்காங்கம்மா? தம்பி வந்தாச்சா?"

"வந்துண்டிருக்கான் சார். குமுளி வழியா."

"குமுளியா?" என்று இழுத்தார் அவர். "என்ன சார்?" என்றாள்.

"டிரைவருங்க குரூப்புல இப்பதான் ஒரு படம் வந்துச்சும்மா. முண்டக்கயம் தாண்டி மலை ஏறுற இடத்துல மண்ணு சரிஞ்சிருக்கு. ஒரு வேன் அப்படியே கீழ போயிருச்சாம். தம்பி அங்கதான் இருக்கணும்னு இல்ல. முன்னாடியே தாண்டியிருக்கலாம். பதறாதீங்க."

அவள் பதறினாள். தம்பியின் போனுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுபடி அடித்தாள், மறுபடியும் அதே பதில். மறுபடியும் ஜெகபர் அலியைக் கூப்பிட்டு, "நான்தான் சார் அந்த வழியா வரச் சொன்னேன்" என்றாள். 

அவர் நல்ல மனுஷர். ஆனால் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். "நம்ம லோடா இருந்தா மழைக்கு நின்ன எடத்துலயே நிப்பாட்டிருப்பீங்களேம்மா" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று உறைத்து, "விசாரிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். வைதேஹிக்கு அந்த வார்த்தை நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இரும்புக்குக் காட்டிய கரிசனத்தில் பாதி கூடக் கூடப்பிறந்தவனுக்குக் காட்டவில்லையே என்று அவளை அவளே திட்டிக்கொண்டாள். அழக்கூட முடியவில்லை. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. எடுத்தாள். மழைச் சத்தம். அதற்குள்ளிருந்து கோவர்தன்.

"அக்கா, நான்தான். லாரிக்காரர் ஒருத்தர் போன்லேர்ந்து பேசறேன். என் போன் சேத்துல போயிடுத்து."

"எங்கடா இருக்கே? அடி பட்டிருக்கா?"

"இல்லை. எனக்கு முன்னாடி ஒரு வேன் போயிண்டிருந்தது அக்கா. ஒரு பெரிய சத்தம். வேன் இருந்த எடத்துல ரோடே இல்லை. உள்ள குழந்தைகள்லாம்..." அவன் நிறுத்தினான்.  "திரும்பி முண்டக்கயத்துக்கு இறங்கிட்டேன். அப்பா எப்படி இருக்கார்?"

"இருக்கார். நீ பாலக்காடு சுத்தி வா."

"சுத்தி வந்தா ராத்திரி ஆயிடும். அதுவரைக்கும் இருப்பாரா, சொல்லு."

"நீ சுத்தியே வா" என்றாள் மறுபடியும். அதுவே அவனுக்குப் பதிலாகிவிட்டது. அவன் படபடவென்று பேச ஆரம்பித்தான். வாகமண் வழியாக ஒரு மலை ரோடு இருக்கிறதாம், ஒடுக்கமாம், ஜீப்காரர்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்களாம். ஒரு ஜீப் இப்போது கிளம்புகிறது, அதன் பின்னாலேயே போய்விடுவேன், அப்படியே குமுளிப் பக்கம் இறங்கினால் மூன்று மணிக்கு வந்துவிடலாம்.

"வேண்டாம்டா."

"அக்கா, அப்பா முகத்தை நான் பார்க்கணும். போன தடவை சண்டை போட்டுண்டு கிளம்பினவன் நான். உனக்குத் தெரியாதா? நான் போறேன். ஜீப் கிளம்பிடும்."

வைதேஹி தம்பியை அறிவாள். வேண்டாம் என்றால் போவான். கெஞ்சினால் போவான். அழுதால் இன்னும் வேகமாகப் போவான். அப்பா இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் அவனை அந்த மலையிலிருந்து இறக்க முடியாது. அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். அப்பாவின் வாயில் கமலினி மாமி ஸ்பூனால் துளசி தீர்த்தம் விட்டுக்கொண்டிருந்தாள். அவர் விழுங்கினார்.

வைதேஹி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கோவு, நான் பொய் சொன்னேன்" என்றாள். "அப்பா போயிட்டார். நேத்து ராத்திரியே. நீ வண்டி ஓட்டிண்டு வரியேன்னு சொல்லலை."



"நான் வரதுக்குள்ள எடுத்துடாதே அக்கா. சாயங்காலம் வரைக்கும்..."

"எடுத்தாச்சு. இன்னிக்குக் காலம்பற பெருமாள் இந்த வழியாத்தானே எழுந்தருளினார். புறப்பாட்டுத் தெருவுல வெச்சிண்டிருக்க முடியாதுன்னுட்டா. விடியறச்சேயே எடுத்துட்டோம்."

"யார் கொள்ளி வெச்சா?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக இல்லை. சித்தப்பா பிள்ளை பேரைச் சொன்னால் அவனைக் கூப்பிட்டு விசாரித்துவிடுவானே என்று பயந்தாள்.

"நான்தான்" என்றாள். "இனிமே நீ அவசரமா வந்து ஆகப்போறது ஒண்ணுமில்லை. இறங்கி, பாலக்காடு சுத்தி வா."

அவன் "சரி" என்றான். அழுதானா என்று தெரியவில்லை. அங்கே மழை அதிகம்.

உயிரோடு இருக்கிற அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு நினைப்புதான் அவளைத் தாங்கியது. இந்தப் பொய் மாட்டிக்கொள்ளட்டும். ராத்திரி அவன் வந்து நிற்கும்போது அப்பா கண்ணைத் திறந்து, கோவு என்று கூப்பிடட்டும். அவன் என்னைக் கன்னத்தில் அறையட்டும், பரவாயில்லை. ரங்கநாதா, ராத்திரி வரைக்கும் இவரை வை. அவள் பெருமாளிடம் தனக்காக எதுவும் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அன்றைக்கு வெட்கமில்லாமல் கேட்டாள்.

மத்தியானம் அப்பாவுக்குத் தெளிவு வந்தது. அதுதான் கொடுமை. இரண்டு வாய் கஞ்சி குடித்தார். "மழையா இருக்குமே அங்க. ஜாக்கிரதையா வரச் சொல்லு" என்றார். வைதேஹி கொல்லைப்பக்கம் ஓடினாள். அந்த லாரிக்காரர் நம்பருக்குப் போட்டாள். அப்பா பிழைத்திருக்கிறார், பொய் சொன்னேன், சீக்கிரம் வா என்று கத்திவிட வேண்டும் போலிருந்தது. லாரிக்காரர் மலையாளத்தில் சாவகாசமாகச் சொன்னார்: அந்த சார் அப்போதே இறங்கிப் போய்விட்டார், கோட்டயம் பக்கமாக. கார் மெதுவாகத்தான் போனது. ரொம்ப நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அவன் உயிரோடு சமவெளியில் போய்க்கொண்டிருக்கிறான் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிமேலேயே அவளுக்கு வெறுப்பும் வந்தது.

மூன்று மணிக்கு அப்பா மறுபடி கேட்டார். "கோவு?"

"பக்கத்துல வந்துட்டான் அப்பா. கரூர் தாண்டிட்டானாம்."

"வாசக் கதவைத் திறந்து வை."

திறந்துதான் இருந்தது. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் புருவம் ஏறியது. நாலு மணிக்குப் பக்கமாக அந்தப் பார்வை அப்படியே நின்றுவிட்டது. கமலினி மாமிதான் கண்ணை மூடிவிட்டாள்.

காரியம் பண்ணி வைக்கிற வாத்தியார் வந்தார். பெரியவர், தன்மையானவர். "ஐஸ் பெட்டி வெச்சு கோவர்தன் வரைக்கும் காத்துண்டிருக்கலாம். மத்த நாளா இருந்தா அதைத்தான் சொல்வேன். ஆனா விளக்கு வெச்சதும் பெருமாள் திரும்பறார். அதுக்குள்ள தெருவை விட்டு எடுத்தாகணும். உங்க சித்தப்பா பிள்ளையைக் கூப்பிடட்டுமா? அவன் கர்த்தாவா இருந்து பண்ணட்டும்."

"நான் பண்றேன் மாமா" என்றாள் வைதேஹி.

"நீயா? பிள்ளை இருக்கறச்சே பொண் பண்றதுன்னா அவன் சம்மதிக்கணும்மா. அதோட இன்னொண்ணு. யார் அக்னி வைக்கறாளோ அவாதான் பத்து நாள் காரியமும் பண்ணி முடிக்கணும். நடுவுல மாத்தற வழக்கமில்லை. கோவர்தன் வந்தாலும் கரையிலதான் நிக்கணும். அது அவனுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. சித்தப்பா பிள்ளை செய்தாலும் கோவர்தன் கரையில்தான் நிற்க வேண்டும். ஆனால் காலையில் சொன்ன பொய்யில் ஒரு வார்த்தையாவது நிஜமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு வெறி போலத் தோன்றியது. "தெரியும் மாமா. அவன் சம்மதிச்சுட்டான்" என்றாள். அன்றைக்குச் சொன்ன பொய்களில் அது எத்தனையாவது என்று அவள் எண்ணுவதை விட்டிருந்தாள்.

கொள்ளிடக்கரையில் அவள் அழாமல்தான் கொள்ளி வைத்தாள். பார்த்தவர்கள் கல்நெஞ்சு என்றார்கள். திரும்பி வரும்போது அம்மா மண்டபம் பக்கம் நாதஸ்வரம் கேட்டது. வாசல் கழுவிவிட்டிருந்தது.

கோவர்தன் ராத்திரி வந்து சேர்ந்தான். வந்தவன் எதுவும் கேட்கவில்லை. அப்பா படுத்திருந்த கட்டிலைத் தொட்டுவிட்டு, கூடத்தில் ஒரு ஓரமாகச் சுருண்டு படுத்தான். வைதேஹி காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். சொல்லத்தான் இருந்தாள். ஆனால் காலையில் அவளுக்கு முந்தி எழுந்து வந்தவள் கமலினி மாமி. காப்பி டம்ளரை அவன் கையில் கொடுத்து, அவன் தலையைத் தடவிக்கொண்டே, வாஞ்சையாகத்தான் சொன்னாள்:

"நாலு மணி வரைக்கும் வாசலையே பார்த்துண்டிருந்தாரே கோந்தே. கோவு, கோவுன்னு. மத்தியானம் கஞ்சி குடிச்சுட்டு, மழையில ஜாக்கிரதையா வரச் சொல்லுன்னார்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். அக்காவைப் பார்த்தான்.

"நேத்து நாலு மணியா?"

"ஆமாம்" என்றாள் வைதேஹி. மாமி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

"நான் போன் பண்றச்சே அப்பா..."

"இருந்தார். தீர்த்தம் சாப்பிட்டுண்டிருந்தார்."

"அந்த ஜீப் பத்திரமா போய்ச் சேர்ந்துடுத்து அக்கா" என்றான் கோவர்தன். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நேத்து ராத்திரி கோயம்புத்தூர்ல வண்டியை நிறுத்தி, ஒரு கடைக்காரர் போன்லேர்ந்து, குறிச்சு வெச்சிருந்த நம்பருக்குப் போட்டு அந்த லாரிக்காரர்கிட்ட கேட்டேன். ஏன் கேட்டேன்னு தெரியலை. அந்த ரோட்டுல ஒரு கல்லு கூட விழலையாம். ஜீப்காரன் பத்து மணிக்கெல்லாம் குமுளி போய்ச் சேர்ந்துட்டானாம். நான் அவன் பின்னாடி போயிருந்தா மூணு மணிக்கு இங்க இருந்திருப்பேன்."

"விழுந்திருந்தா?"

"விழலையே."

 மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவன் உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்தான், கண்ணெல்லாம் சிவந்து, தாடியும் கசங்கிய சட்டையுமாக. அவனைப் பார்க்கப் பார்க்க மன்னிப்புக் கேட்பதும் ஒரு பொய்யாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் அதையேதான்டா சொல்லுவேன்" என்றாள்.

அவன் தலையசைத்தான். 

பத்து நாளும் அவள் ஈரப் புடவையோடு மந்திரம் சொன்னாள். பத்து நாளும் அவன் கரையில் நின்றான். வாத்தியார் சொன்னால் தர்ப்பையை எடுத்துக் கொடுத்தான், எள்ளை நீட்டினான், அவள் கையைத் தொடாமல். பார்க்கிறவர்களுக்கு அக்கா தம்பி எத்தனை ஒற்றுமை என்று இருந்திருக்கும். பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்த மறுநாள் பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினான். மேற்கே இன்னும் மழை விட்டபாடில்லை என்று காலை டி.வி.யில் சொல்லியிருந்தார்கள். வைதேஹி வாசல் வரை வந்தாள். காரின் கண்ணாடி இறங்கியிருந்தது.

"எந்த வழியாடா போறே?" என்று கேட்டாள்.

கோவர்தன் சாவியைத் திருகினான். "உன்கிட்ட சொல்லமாட்டேன் அக்கா" என்றான்.

கார் கிளம்பி, கூட்டத்துக்குள் புகுந்து, மாம்பழச்சாலைப் பக்கமாகத் திரும்பியது. அங்கிருந்து பாலத்தைத் தாண்டிவிட்டால் பாலக்காடு போகிற கரூர் ரோட்டையும் பிடிக்கலாம், குமுளி போகிற திண்டுக்கல் ரோட்டையும் பிடிக்கலாம்.